மேல்மாடி அறைக்கு வாடகை

அக்கா, நீங்கள் மூன்று தரம் மொரிசியஸ் தீவுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அத்தானோடும் பிள்ளைகளோடும் போயிருக்கிறீர்கள். மூன்று தரமும் ஆகஸ்ட் மாதம். "இந்த வருசமும் வர ஏலாமல் கிடக்கடா தம்பி" என்று பிரான்சிலிருந்து எனக்குப் போன் எடுத்துச் சொன்னீர்களே, அதே மூன்று ஆகஸ்ட்.

நீங்கள் கண் மூடி ஒன்றரை வருசம். எனக்கு இது தெரிய வந்தது போன செவ்வாய்க்கிழமை காலை. வலைக்கடையைத் திறந்து நைலோன் கயிற்றுச் சுருள்களை வாசலுக்கு உருட்டிக்கொண்டு நின்றபோது போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள் உங்கள் மகள் ஜெனிற்றா.

ஓலைக் குடைக்குக் கீழே ஒரு சாய்கதிரை. அதில் நீங்கள், செருப்பில்லாமல், கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு. தலையில் அகன்ற தொப்பி. கையில் ஒரு செவ்விளநீர், அதற்குள் ஒரு குழாய். பின்னால் பச்சைக் கடல். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். முதலில் எனக்கு ஆளையே பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் நீங்கள் கால் நீட்டி இருந்ததை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

படத்துக்கு மேலே அவள் எழுதியிருந்தது இதுதான். வருகிற ஆகஸ்டில் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு தீவுக்கு லீவுக்குப் போகப் பார்க்கிறாள். மூத்தவனுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு ஆறு. மாலைதீவில் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். "ஆனால் மாமா, மன்னாரும் ஒரு தீவுதானே. அம்மா பிறந்த தீவைக் காட்டாமல் வேறை ஆரின்ரையோ தீவைக் காட்டிறது சரியில்லை எண்டு ஒரு மனம் சொல்லுது. உங்களுக்குத் தோதுப்படுமெண்டால் சொல்லுங்கோ. இல்லையெண்டால் வெளிப்படையாச் சொல்லுங்கோ, கோவிக்க மாட்டன்." பிறகு கேள்விகள். கடல் ஆழமா, அலை பெரிசா, நிழல் இருக்கா, கிட்ட டொக்டர் இருக்கிறாரா, பிள்ளைகளுக்கு லைஃப் ஜக்கெற் எடுக்கலாமா. கடைசியாக, "இந்தப் படத்திலை இருக்கிற மாதிரி ஒரு கரை இருந்தால் காணும்."

நான் உடனே போன் எடுத்தேன்.

"படம் பார்த்தனீங்களோ மாமா? அம்மா நல்லா இருக்கிறா என்ன?"

"ஓம். எங்கை எடுத்தது?"

"மொரிசியசிலை. அம்மாவுக்கு அந்த இடமெண்டால் உயிர். மூண்டு தரம் போனனாங்கள். உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம் ஓம், தெரியும்."

அப்படித்தான் சொன்னேன் அக்கா. முப்பத்தைந்து வருசமாக வியாபாரம் செய்கிறவன் நான். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு நொடிக்குள் பொய் சொல்ல எனக்கு வரும். ஆனால் அன்று சொன்னது எனக்காக இல்லை, உங்களுக்காக. நீங்கள் என்னிடம் சொன்ன பொய்க்கு மேலே என் பொய்யை வைத்து மூடினேன். பிறகு, வலை விலை விசாரிக்கிற குரலில், எந்தெந்த வருசம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். எனக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

முதல் வருசம் நீங்கள் சொன்ன காரணம், வேலையில் லீவு தரவில்லை. இரண்டாம் தரம், உங்கள் சின்ன மகனுக்குச் சோதினை. மூன்றாம் தரம், அத்தானுக்கு முழங்காலில் ஒப்பரேசன். அந்த முழங்காலுக்காக நான் மடுக் கோவிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். கூட வந்த என் மனிசி பிலோமினாவை அந்த வெயிலில் முழங்காலில் நிற்க வைத்து ஒரு செபமாலை முழுக்கச் சொல்ல வைத்தேன். இப்போது ஜெனிற்றா அன்போடு எனக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறாள். ஒன்றில், வாழைப்பழம் மாதிரி நீளமாக, காற்றடைத்த மஞ்சள் படகு ஒன்று. அதை ஒரு எஞ்சின் படகு இழுத்துக்கொண்டு போகிறது. மஞ்சள் படகின் முன்னுக்கு, இரண்டு முழங்காலையும் இறுக்கிக்கொண்டு, வாயை ஆவென்று திறந்தபடி அத்தான்.

மாதா கேட்டதைத் தந்திருக்கிறா. அதை நான் குறை சொல்லவில்லை.

மத்தியானம் கடையைப் பிலோமினாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் மேல்மாடி ஏறினேன். அந்த அறையின் திறப்பு என் சாவி வளையத்தில்தான் இருக்கிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது புது மெத்தையின் பிளாஸ்டிக் மணம். உறை இன்னும் கழற்றவில்லை அக்கா. பூச்சி உருண்டை மணமும் பிளாஸ்டிக் மணமும் சேர்ந்து, ஒரு கடை மாதிரி மணந்தது. ஒருத்தரும் வாங்காத கடை.

போர் முடிந்து பாதை திறந்த கையோடு, "அடுத்த ஆகஸ்ட் பிள்ளையளோடை வாறன், உன்ரை வீட்டிலைதான் நிப்பன்" என்று நீங்கள் சொன்ன ஒரு சொல்லுக்குக் கட்டிய அறை இது. அப்போது எங்களுக்கே கீழே ஒழுங்கான அறை இல்லை. குசினிக்கு ஓடு போடுவதை நிறுத்திவிட்டு மேலே கட்டினேன். யன்னலைத் திறந்தால் பனைகளுக்கு மேலால் வடகடல் தெரிய வேண்டும் என்று மேசனை இரண்டு தரம் உடைத்துக் கட்ட வைத்தேன். குளியலறைக்கு நீல ஓடு. கதிரை மாதிரி ஏறியிருக்கிற கக்கூசு, கொமட், கொழும்பிலிருந்து வைக்கோல் சுற்றி லொறியில் வந்தது. மேசன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் முதலாளி, உங்கடை கொக்கா குந்த மறந்திட்டாவோ?" என்று கேட்டான். நான் அவனை ஏசினேன். ஏசினேனே தவிர, எனக்குள் ஒரு மிதப்பு. எங்கள் ஊரில் அந்த நாளில் அதுதான் முதல் கொமட். பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

இரண்டாம் தரம் வாறன் என்றபோது ஏசி பூட்டினேன். உப்புக்குளத்து முஸ்லிம் நானா ஒருவரிடம் வாங்கினது. இன்றைக்கும் அவர் என்னைக் கண்டால், "எப்பிடி, அக்கா வந்தாவோ? ஏசி குளிருதோ?" என்று கேட்கிறவர். மூன்றாம் தரத்துக்கு இந்த மெத்தை. ஒவ்வொரு வருசமும் யூலை கடைசியில் யன்னலைத் திறந்து காற்று விட்டு, தண்ணீர்த் தாங்கி கழுவி, கொமட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அது போகிறதா என்று பார்ப்பேன். நீங்கள் வராத வருசங்களிலும் பார்த்தேன். காற்றுக்குப் பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரப் பெடியள் இப்போது சோளகக் காற்றுக் காலத்தில் மன்னாருக்கு வருகிறார்கள். ஒருவன் வந்து மாதக் கணக்கில் வாடகை தருகிறேன் என்று வாசலில் நின்று கேட்டான். "அது எங்கடை அக்காவின்ரை அறை" என்று அனுப்பிவிட்டேன். சும்மா கிடக்கிற சரக்கை விற்காமல் பூட்டி வைத்தது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கீழே இறங்கி வந்து பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப நான் முழங்காலிலை நிண்டது?" என்றாள். 

"மாலைதீவுக்கே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சொல்லப் போறன்" என்றேன்.

"சொல்லுங்கோ. செத்த ஆளிலை இருக்கிற கோவத்தை இருக்கிற பிள்ளையிலை காட்டுங்கோ. பேந்து அந்தக் கொமட்டிலை நீங்களே ஏறியிருந்து யோசியுங்கோ."

பிலோமினாவின் வாய் உங்களுக்குத் தெரியும். போனில் என்னோடு கதைத்ததைவிட நீங்கள் அவளோடு கதைத்ததுதானே கூட.

அக்கா, ஜெனிற்றாவின் கேள்விகளுக்கு நான் ஒழுங்காகப் பதில் எழுதினேன். கோபம் வேறு, சரக்கு விவரம் வேறு. ஆகஸ்டில் சோளகம் அடிக்கும், தென்கடல் கொந்தளித்துக்கொண்டு கிடக்கும், இன்ரநெற்றில் நீ கண்ட அழகான கரை அந்தப் பக்கம்தான், அங்கே பிள்ளைகளை இறக்கக் கூடாது. எங்கள் வடகடல் அந்த மாதம் குளம் மாதிரிக் கிடக்கும், ஆறு வயசுப் பிள்ளை கனதூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேலே வராது. பூநாரைகள் மாரிக்குத்தான் வரும், ஆகஸ்டில் வந்து என்னிடம் அதைக் கேட்கக் கூடாது. கழுதைகள் வருசம் முழுக்க நிற்கும், காசில்லாமல் பார்க்கலாம், பின்பக்கம் நிற்கக் கூடாது. சின்ன அளவில் லைஃப் ஜக்கெற் என் கடையில் இல்லை, எங்கள் ஊரில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். எல்லாம் எழுதினேன். வா என்று மட்டும் எழுதவில்லை.

வியாழக்கிழமை நானே போன் எடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஜெனிற்றா, ஒண்டு கேட்கிறன், மறைக்காமல் சொல்லு. அவ்வளவு தூரம் போற செலவுக்கு இஞ்சை வந்திருக்கலாமே. அம்மா ஏன் உங்களை இஞ்சை கூட்டிக்கொண்டு வரேல்லை?"

அவள் இழுத்தாள். "அது மாமா... அம்மா சும்மா சொல்லுறவ."

"என்ன சொல்லுறவ?"

"அங்கை போனால் அது லீவு இல்லை, வேலை எண்டு. விடியத் தொடங்கி ஆக்கள் வருவினம், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்டு வேணும், குடுத்தாலும் குறை, குடுக்காட்டிலும் குறை எண்டு. எனக்கு வருசத்திலை இருக்கிறது மூண்டு கிழமை, அதிலையாவது ஒருத்தரும் என்னை அக்கா எண்டு கூப்பிடாத இடத்திலை இருக்கப் போறன் எண்டு சொல்லுவா."

"நான் என்ன கேட்டனான் பிள்ளை?"

"நீங்கள் இல்லை மாமா..." என்றாள். பிறகு உங்கள் மகள் என்றபடியால் உண்மையைச் சொன்னாள். "'தம்பியும் அப்பிடித்தான்' எண்டு ஒருக்காச் சொன்னவ."

தம்பியும் அப்படித்தான்.

அக்கா, அந்த மூன்று மொரிசியசையும் நான் விழுங்கியிருப்பேன். இதை விழுங்க முடியவில்லை. நான் அப்படித்தானா? அப்பா கடலோடு போன பிறகு, நீங்கள் கல்யாணம் முடித்துப் போன பிறகு, ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிளில் பேசாலையிலிருந்து பாப்பாமோட்டை வயல்பக்கம் வரைக்கும் மீன் கொண்டு போய் விற்றவன் நான். "காசு அனுப்புறன், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கடா" என்று நீங்கள் எழுதியபோது, "எனக்குக் கால் இருக்கு அக்கா" என்று பதில் போட்டவன். அந்தக் கடிதத்தை வைத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததாக நீங்களே சொன்னீர்கள். சைக்கிளிலிருந்து சந்தையில் ஒரு பெட்டிக்கடை, பெட்டிக்கடையிலிருந்து இந்த வலைக்கடை. எனக்கென்று உங்களிடம் ஒரு சவர்க்காரக் கட்டிகூடக் கேட்டதில்லை. கேட்டேனா? சொல்லுங்கள்.

எழுதினதை ஒருக்கா மேலிருந்து வாசித்துப் பார்த்தேன். கணக்குப் பிழைத்தால் ஒத்துக்கொள்கிறவன் நான். ஆகவே ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கென்று கேட்கவில்லை. மற்ற எல்லாருக்காகவும் கேட்ட வாய் என்னுடையது. "அக்கா வாறா" என்று நீங்கள் ரிக்கெற் போட முதலே நான் ஊருக்குச் சொல்லிவிடுவேன். கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கோவிலுக்கு மைக் செற், விளையாட்டுக் கழகத்துக்குப் பெனியன், பெரியம்மாவின் மகன் சூசைக்கு எஞ்சின், கோவில் மணி அடிக்கிற சங்கிலித்தாமுக்கு மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை போனில் உங்களுக்கு வாசிப்பேன். நீங்கள் "ஓம்... ஓம்... சொல்லு" என்பீர்கள். நீங்கள் எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். பேனை ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது மாதிரித்தான் இருந்தது. மீனின் செவுளைப் பாராமல் எத்தனை நாள் மீன் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, சொந்த அக்காவின் ஓம் எத்தனை நாள் பழசு என்று தெரியவில்லை.

எங்கள் சனம் செய்கிற பிழை இது. வெளியிலிருந்து ஒருத்தர் வருகிறார் என்றால் சந்தோசத்தை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாது. சொல்லிவிடுவோம். சொன்ன இடமெல்லாம் தேவை முளைத்துவிடும். பிறகு வந்தவர் போகும்வரைக்கும் மனிசராக இருப்பதில்லை, சூட்கேசாக இருப்பார்.

ஆனால் நீங்கள் அதை எனக்குச் சொல்லியிருக்கலாம். "வாயை மூடடா, தாளைக் கிழிச்செறி" என்று ஒரு சொல். சின்ன வயசில் இதைவிடச் சின்னப் பிழைக்கு என் காதைத் திருகினவர் நீங்கள். அம்பது வயசில் காது திருகினால் எனக்கு வலிக்காது என்று நினைத்தீர்களா? பொய் சொல்லி, என்னை நாடகத்தில் இருக்கிற விசரன் மாதிரி மெத்தை வாங்க வைத்து, மெழுகுதிரி கொளுத்த வைத்து, கடைசியில் சாகிறபோதும் சொல்லாமல் போனது எந்த ஊர் நியாயம்? ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோவில் என்னைப் பார்த்து, "அந்த மேல் அறையிலை ஒருக்காப் படுக்க வேணும் போலை கிடக்கடா" என்றீர்கள். நான் அழுதேன். அது உண்மையா, அதுவும் ஓமா?

அதற்குப் பதில் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம், கரைக்கு வந்த படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மடு ஞாபகம் வந்தது.

எங்களுக்கு அந்த நாளில் லீவு என்றால் ஆவணி மடுத் திருவிழாதான். ஊரோடு லொறியில் ஏறி, காட்டுக்குள் கொட்டில் போட்டுப் பத்து நாள். கடல் இல்லை, மீன் இல்லை, எனக்குச் சொர்க்கம். எனக்கு எட்டு வயசு, உங்களுக்குப் பதினேழு. அம்மாவுக்கு மூச்சிழுப்பு என்றபடியால் அடுப்பு உங்கள் கையில். எங்கள் கொட்டில் கோவிலுக்குப் போகிற பாதையோரம். போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் அது தேத்தண்ணிக் கடை. பெரியம்மா, சித்தி, அப்பாவோடு தொழிலுக்குப் போகிறவர்கள், அவர்களுடைய பெண்சாதிகள், "பிள்ளை, ஒரு வாய் தேத்தண்ணி." உங்கள் கையில் இருந்த கேத்தல் கீழே இறங்கி நான் காணவில்லை.

நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, மத்தியானப் பூசைக்குச் சனம் போன நேரம், நீங்கள் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு என்னைக் கையில் பிடித்து லொறிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே ஒரு பாலைமரம். பாயை விரித்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு பை கச்சான் கடலை எடுத்து என்னிடம் தந்தீர்கள். கோதோடு வறுத்த கச்சான், இன்னும் சூடு.

"டேய் தம்பி, இது உனக்கு. ஆரும் என்னைக் கேட்டால் தெரியாதெண்டு சொல்லு. ஒரு மணித்தியாலம். ஒரே ஒரு மணித்தியாலம். சரியோ?"

"சரி."

கால் இரண்டையும் நீட்டிப் படுத்து, தாவணித் தலைப்பால் முகத்தை மூடினீர்கள். இல்லை, நான் மேலே பிழையாக எழுதிவிட்டேன். நீங்கள் கால் நீட்டி இருந்ததை நான் ஒரு தரம் கண்டிருக்கிறேன்.

நான் கொட்டில் வாசலில் குந்தியிருந்து கச்சானை உடைத்துத் தின்றேன். பாதிப் பை முடிய முதல் பெரியம்மா வந்தா. "எங்கையடா உன்ரை கொக்கா? வள்ளக்காரச் சம்மாட்டி வீட்டு ஆக்கள் வந்திருக்கினம், தேத்தண்ணி வைக்க வேணும்." வாய் நிறையக் கச்சானோடு நான் கையை நீட்டினேன். "லொறிக்குப் பின்னாலை. படுத்திருக்கிறா."

பத்து நிமிசம்கூட இல்லை. நீங்கள் எழும்பி வந்தீர்கள். தலைமுடியை முடிந்துகொண்டு, என் மடியில் கிடந்த கோதுகளைப் பார்த்தீர்கள். அடிப்பீர்கள் என்று நினைத்துத் தலையைப் பொத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். "கச்சானையும் திண்டிட்டுக் காட்டியும் குடுத்திட்டாய். உன்னட்டை ஒண்டைச் சொன்னால் மடுச் சந்தியிலை மைக் போட்டுச் சொன்ன மாதிரித்தான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேத்தலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனீர்கள்.

அம்பது வருசமாக அதைப் பகிடி என்றுதான் நினைத்திருந்தேன். என் கல்யாண வீட்டில்கூட நான் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நீங்கள் அங்கே, பாரிசில், அந்த ஒரு மணித்தியாலத்தை இன்னும் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விலை வாங்கிவிட்டுச் சரக்குக் கொடுக்காத வியாபாரம் என் ஆயுளில் அந்தக் கச்சான் ஒன்றுதான் அக்கா. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு வயசுப் பெடியன் செய்ததற்கு அம்பது வயசுக்காரனிடம் தண்டம் அறவிடுவது அநியாயம். அதையும் சொல்கிறேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதி இந்தக் கடிதத்தை அழகாக முடிக்க எனக்கு வராது. அந்த மஞ்சள் படகை நினைக்கிற நேரமெல்லாம் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை காலை ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தேன். பிலோமினா பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளை, அறை இருக்கு. ஏசி, சுடுதண்ணி, கொமட், யன்னலாலை கடல். நாளுக்குப் பன்னிரண்டாயிரம், காலமைச் சாப்பாடு சேர்த்து."

"மாமா... வாடகையோ?"

"ஓம், வாடகைதான்."

"என்னோடை கோவமோ?"

"கோவமெண்டால் பதினைஞ்சு சொல்லியிருப்பன்."

"விளங்கேல்லை மாமா. சொந்த மருமகளிட்டை..."

"கேள் பிள்ளை. சும்மா வந்து நிண்டாயெண்டால் நீ பிரான்சிலை இருந்து வந்த எங்கடை ஜெனிற்றா. விடிய ஆறு மணிக்குக் கேற்றடியிலை ஆக்கள் நிப்பினம். வாடகை குடுத்தாயெண்டால் நீ காசு குடுத்து வந்த ஆள். காசு குடுத்து வந்த ஆளிட்டை ஒருத்தரும் மைக் செற் கேட்க மாட்டினம்."

பிலோமினா குறுக்கே விழுந்தாள். "அந்த முகத்தைக் கண்டால் ஊருக்குத் தெரியாதோ ஆரின்ரை மகள் எண்டு?"

"தெரியட்டும். மாமனே வாடகை வாங்கிறானாம் எண்டு ஊர் என்னைத்தான் பேசும். என்னைப் பேசிற நேரத்துக்கு அவளைக் கேட்க மாட்டினம். எனக்குப் பேச்சுப் பழக்கம்."

போனுக்குள் ஜெனிற்றா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள். பிறகு சொன்னாள், "பன்னிரண்டு கூடிப்போச்சு மாமா. இன்ரநெற்றிலை பார்த்தனான், தலைமன்னாரிலை ஒன்பதுக்கும் இருக்கு."

உங்கள் மகள்தான் அக்கா. தரகு வேண்டாம், சாட்சி வேண்டாம்.

"அங்கை சுடுதண்ணி வராது. பதினொண்டு."

"ஒன்பதரை."

"பத்து. அதுக்குக் கீழையெண்டால் மாலைதீவுக்குப் போ."

"சரி, பத்து."

நீங்கள் என்னிடம் மறைத்ததை அவளுக்கு நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அவளுக்கு அவளுடைய அம்மா அந்தச் சாய்கதிரையில் அப்படியே இருக்கட்டும். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நேற்று நானே கிழித்தேன். மணம் போக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஊரில் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று இந்த வயசில்தான் படிக்கிறேன். கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது, சொல்லவில்லை.

பேசி முடித்தது இதுதான். ஆகஸ்டில் பதினொரு நாள், நாளுக்குப் பத்தாயிரம், காலைச் சாப்பாடு சேர்த்து. மீன் கரை விலைக்கு. லைஃப் ஜக்கெற் இரண்டும் கடைச் செலவு. சூட்கேசில் அவர்களுடைய உடுப்பைத் தவிர ஒரு சவர்க்காரக் கட்டி வரக் கூடாது, வந்தால் திருப்பி அனுப்பப்படும். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மேல்மாடிக் கதவு பூட்டியிருக்கும். ஜெனிற்றாவை யார் தேடி வந்தாலும், பெரியம்மா கல்லறையிலிருந்து எழும்பி வந்தாலும், எனக்குத் தெரியாது. முற்பணம் காசாக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொழும்பிலிருந்து வருகிற வழியில் மடுச் சந்தியில் வாகனத்தை நிற்பாட்டி, கோதோடு வறுத்த கச்சான் ஒரு பை வாங்கி, சூடு ஆற முதல் கொண்டுவந்து என் கையில் தர வேண்டும்.